ட்ராஃப்ட் தேர்வுகளைக் கொடுத்து நட்சத்திரங்களை வாங்குவது: நெட்ஸா, லேக்கர்ஸா?

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ-வில், ஆண்டுதோறும் அணிகள் புதிய இளம் வீரர்களை வரிசைப்படி தேர்ந்தெடுப்பதுதான் ட்ராஃப்ட்; மோசமாகத் தோற்ற அணிக்கு முன்னதாகத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு அதிகம். 2013-இல் கெவின் கார்னெட், பால் பியர்ஸ் என்ற இரு மூத்த நட்சத்திரங்களையும் வாங்க புரூக்ளின் நெட்ஸ் அணி பாஸ்டன் அணிக்குக் கொடுத்த விலை: 2014, 2016, 2018 முதல் சுற்றுத் தேர்வுகள், கூடவே 2017-இல் தேர்வு வரிசையில் நெட்ஸின் இடத்தைப் பாஸ்டன் தன் இடத்துக்கு மாற்றாக எடுத்துக்கொள்ளும் உரிமை. கிடைத்ததோ பிளேஆஃப் எனும் இறுதிக்கட்டச் சுற்றுகளில் ஒரே ஒரு தொடர் வெற்றி. 2016-17-இல் 82 ஆட்டங்களில் 20 மட்டுமே வென்று அடிமட்டத்தில் கிடந்தபோதும், முதலிடத் தேர்வு பாஸ்டனுக்கே போனது. தோற்றவனுக்குக் கிடைக்கும் ஆறுதல்கூட இல்லை! பின்னாளில் நட்சத்திரங்களான ஜெய்லன் பிரௌனும் ஜேசன் டேட்டமும் பாஸ்டனுக்கு வந்தது இந்த வழியில்தான். 2024-இல் அவர்கள் கோப்பையும் வென்றார்கள்.

லேக்கர்ஸும் 2019-இல் ஆண்டனி டேவிஸுக்காக அள்ளித்தான் கொடுத்தது: மூன்று இளம் வீரர்கள், அந்த ஆண்டின் நான்காம் தேர்வு, எதிர்காலத் தேர்வுகள். ஆனால் டேவிஸுக்கு வயது 26, பக்கத்தில் பெரும் நட்சத்திரம் லெப்ரான் ஜேம்ஸ். 2020-இலேயே சாம்பியன். சரி, இரண்டுமே பெரிய விலைதான். என்னைக் கேட்டால், உச்சத்தில் இருப்பவருக்கு அதைக் கொடுக்கலாம். 37 வயதான கார்னெட்டுக்குக் கொடுத்திருக்கவே கூடாது.