கொடைக்கானல் போகிறவர்களே, அந்த ஊதாப்பூ வீடியோவை நம்பாதீர்கள்

நேற்று இரவு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் அந்த வீடியோவை மறுபடியும் பார்த்தேன். கொடைக்கானல் ஏரி, கழுவித் துடைத்த மாதிரி நீல வானம், கரையில் இலையே தெரியாமல் ஊதாப்பூவாக நிற்கும் ஒரு மரம். கீழே, "இன்று காலை எடுத்தது, சிறப்புச் சலுகை உண்டு" என்று ஒரு வரி. போன நவம்பரில் இதே வீடியோவை நம்பித்தான் நாங்கள் ஆறு பேர் மலையேறினோம். புகார் நிலுவையில் இருப்பதால் அந்தச் சுற்றுலா ஏற்பாட்டாளரின் பெயரை எழுதவில்லை. நடந்ததை எழுதத் தடையில்லை.

எங்களுக்கு விருதுநகர். நான், கணவர், இரண்டு பிள்ளைகள், மாமா, அத்தை. மாமாவுக்கு வீசிங் உண்டு. அதனால் படி ஏறத் தேவையில்லாத அறை, எந்நேரமும் வெந்நீர், நிதானமாக ஓட்டும் டிரைவர், இந்த மூன்றையும் முதலிலேயே கேட்டேன். மூன்றுக்கும் ஒரே பதில்: "கவலையே வேண்டாம் மேடம்." இரண்டு பகல், ஓர் இரவு, வேன், அறை, சாப்பாடு, பேரிஜம் ஏரி எல்லாம் சேர்த்து 24,000 ரூபாய். முன்பணம் 15,000. "ஆஃப் சீசன், அதனால்தான் இந்த விலை" என்றார். கூட்டம் இருக்காது என்று மகிழ்ந்தேனே தவிர, கூட்டம் ஏன் இல்லை என்று யோசிக்கவில்லை.

குற்றாலச் சாரலை வைத்துப் பருவம் கணக்குப் போடுகிறவர்கள் நாங்கள். மலையில் மழை என்றால் ஆனி, ஆடி என்று மனத்தில் பதிந்துவிட்டது. கொடைக்கானலுக்கு அந்தக் கணக்கு சரிவராது. தென்மேற்குப் பருவத்தில் வால்பாறையும் கூடலூரும் நனைகிற அளவுக்கு அது நனைவதில்லை. அதன் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவத்தோடு வருகிறது. ஏழாயிரம் அடி உயரத்தில் மேகம் தலைக்கு மேலே நிற்காது. நாம்தான் அதற்குள் நிற்போம். பத்தடி முன்னால் நடக்கும் பிள்ளை தெரிய மாட்டான். மார்கழி, தையில் மழை விலகிவிடும், ஆனால் விடியற்காலையில் ஏரிப் பக்கத்துப் புல்லில் உறைபனி படியும். எல்லாரும் "சீசன்" என்று சொல்வது ஏப்ரல், மே மாதங்களை.

புறப்படும் முந்தின நாள் வானிலை ஆய்வு மையம் திண்டுக்கல், தேனி மாவட்டங்களுக்கு ஆரஞ்சு எச்சரிக்கை கொடுத்தது. மிகக் கனமழை என்றால் 24 மணி நேரத்தில் 12 முதல் 20 செ.மீ. வரை. உடனே அவரைக் கூப்பிட்டு, ஒரு வாரம் தள்ளி வைக்கலாமா என்று கேட்டேன். "அது டிவிக்காரர்கள் கிளப்பும் பீதி மேடம், மேலே வெயில் அடிக்கிறது" என்று சொல்லிவிட்டு, ஐந்தே நிமிடத்தில் அந்த ஊதாப்பூ வீடியோவை அனுப்பினார். அதோடு ஒரு குறிப்பு: இப்போது ரத்து செய்தால் முன்பணம் திரும்பாது.

மறுநாள் அதிகாலை வந்த வேனில் வெள்ளை நம்பர் பலகை. வாடகை வண்டிக்கு மஞ்சள் பலகை இருக்க வேண்டும். சொந்த உபயோக வண்டியில் வாடகைக்குப் போய் விபத்தானால் இன்ஷூரன்ஸ் நிறுவனம் கையை விரித்துவிட வாய்ப்பு உண்டு. அப்போதே இறங்கியிருக்க வேண்டும். பிள்ளைகள் குல்லா மாட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்துவிட்டார்கள்.

இ-பாஸுக்கென்று தலைக்கு 100 ரூபாய் வீதம் 600 ரூபாய் தனியாக வாங்கியிருந்தார். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் நடைமுறையில் இருக்கும் அந்த இ-பாஸ் வண்டிக்கு ஒன்றுதான், அதற்கு ஒரு பைசா கட்டணம் கிடையாது. "இலவசக் குடிநீர்" என்று பின் சீட்டில் ஏற்றியிருந்த 24 பிளாஸ்டிக் பாட்டில்கள் அடுத்த வேடிக்கை. ஐந்து லிட்டருக்குக் குறைந்த தண்ணீர் பாட்டிலை மலைக்குக் கொண்டுபோனால் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி. வெள்ளி நீர்வீழ்ச்சி சோதனைச் சாவடியில் 480 ரூபாயை என் கணவர் கட்டினார்.

அதற்கு முன்பே டம்டம் பாறையில் மழை பிடித்துக்கொண்டது. வெயில் நாளில் அங்கிருந்து பார்த்தால் தலையாறு அருவி எலிவால் போலத் தொங்கும். அன்றைக்கு வெறும் வெள்ளைத் திரை. வைப்பர் இரண்டு முறை இழுத்துவிட்டு நின்றது. டிரைவர் வண்டியை ஓரங்கட்டி, மடியிலிருந்த புகையிலையைக் கசக்கிக் கண்ணாடி முழுக்கத் தேய்த்தார். தண்ணீர் திட்டுத்திட்டாக நிற்காமல் வழிந்து ஓட ஆரம்பித்தது. அந்த மனிதர்மேல் எனக்குக் கோபம் இல்லை. "டயரும் வழுக்கைதான் அம்மா, சொன்னால் காதில் வாங்க மாட்டேன் என்கிறார்" என்று அவரே புலம்பினார். ஊத்து தாண்டி ஒரு மரம் ரோட்டின் குறுக்கே விழுந்து கிடந்தது. அறுத்து அப்புறப்படுத்தும்வரை இரண்டு மணி நேரம் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தோம்.

அறை கீழ்த்தளத்தில்தான் கொடுத்தார்கள், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் மலைச் சரிவை வெட்டிக் கட்டிய சுவர், இடுப்பு உயரத்துக்கு ஓதம் ஏறியிருந்தது. கம்பளியை மூக்கருகில் கொண்டுபோனால் நனைந்த சாக்கு வாடை. வெந்நீர்க் குழாயைத் திறந்தால் ஐஸ் தண்ணீர். கேட்டதற்கு, சோலார் ஹீட்டர் என்றார் காவலாளி. மூன்று நாளாகச் சூரியன் தலைகாட்டாத ஊரில் சோலார் வெந்நீர்! ராத்திரி பத்து மணிக்குக் கரண்ட் போனது. மாமாவுக்கு இழுப்பு வந்தது. இன்ஹேலர் கையில் இருந்ததால் தப்பித்தோம். அவர் விடியும்வரை சுவரில் சாயாமல், அத்தை தோளில் சாய்ந்து உட்கார்ந்தே இருந்தார். ஏற்பாட்டாளரின் போன் அணைந்திருந்தது.

மறுநாள் பேரிஜம் கேட்டோம். அதற்கு வனத்துறை அனுமதி வாங்க வேண்டும், ஒரு நாளைக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கை வண்டிகளைத்தான் விடுவார்கள், மழையும் யானையும் வந்தால் அதுவும் இல்லை. எங்களுக்காக யாரும் விண்ணப்பிக்கவே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. தூண் பாறை, பைன் காடு, குணா குகை எல்லாம் மழைக்காக அடைப்பு. படகும் ஓடவில்லை. ஏரிக்கரை டீக்கடையில் ஒதுங்கினோம். "நேற்றுக்கூட இங்கே வெயில் அடித்ததாமே" என்று அந்த வீடியோவைக் கடைக்கார அம்மாவிடம் காட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தவர் சிரித்துவிட்டார். "இது ஜகரண்டா அம்மா. பங்குனி, சித்திரையில் பூக்கிற மரம். கார்த்திகையில் எங்கே பூக்கப் போகிறது?"

பூவைப் பார்த்தே மாதத்தைச் சொல்லிவிட்டார். நானும் செடி வளர்க்கிறவள்தான். எனக்குத் தோன்றவில்லை.

இப்போது போகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஏற்பாட்டாளர் அனுப்பும் வீடியோவைப் பார்க்காதீர்கள், தங்கப் போகும் விடுதிக்கு நேரடியாகப் போன் செய்து, கீசரா சோலாரா, ஜெனரேட்டர் உண்டா என்று கேளுங்கள். எச்சரிக்கை வந்தால் தேதியை மாற்றித் தருவதாக எழுத்தில் வாங்காமல் பணம் அனுப்பாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் குடை காற்றுக்குத் தாங்காது, மழைக்கோட்டு வேண்டும். ஜீன்ஸ் நனைந்தால் இரண்டு நாளானாலும் காயாது. காலுறை ஆளுக்கு நான்கு ஜோடியாவது எடுத்து, பாலித்தீன் பைக்குள் கட்டி வையுங்கள். தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில். பெரியவர்களின் மருந்து பெட்டிக்குள் போகக் கூடாது, கைப்பையில் இருக்க வேண்டும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, "இயற்கையை நான் என்ன செய்ய முடியும் மேடம்" என்றார். மழைக்காக நான் அவரிடம் சண்டை போடவில்லையே! தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்த பிறகு 4,000 ரூபாய் வந்தது. மீதிக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை. அதே ஆளிடம் முன்பணம் கட்டியவர்கள் இதைப் படித்தால், அந்த வீடியோவை அழித்துவிடாதீர்கள். வந்த தேதியும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். என் மனுவில் முதல் ஆவணமாக வைத்திருப்பது அந்தப் பூவைத்தான்.