ஏழு ஹார்ன் கேட்கும் சிம்பொனிக்கு இரண்டே ஹார்ன்: கோடை இசை முகாமில் நாங்கள் ஏமாந்த கதை

அமெரிக்கக் கல்லூரியில் உங்கள் பிள்ளை இசை படிக்கிறதா? அதிலும் மேடையில் வாசிப்பதையே பட்டமாகப் படிக்கும் 'பெர்ஃபார்மன்ஸ் மேஜர்' என்றால், கோடை விடுமுறைக்கு எங்காவது பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். போன வருஷம் எங்களுக்கு 5,620 டாலர் செலவு. திரும்பி வந்தது 750.

என் மகளுக்கு வயோலா. ஊரில் யாராவது கேட்டால் வயலினுக்கு அக்கா என்பேன். உடம்பு கொஞ்சம் பெரிசு, குரல் கொஞ்சம் கனம். வீடு நியூ ஜெர்சியில், அவள் காலேஜ் இரண்டு மாநிலம் தள்ளி. மற்ற பிள்ளைகள் மே மாதம் லீவு விட்டால் இன்டர்ன்ஷிப் போவார்கள். இவர்களுக்கு அதே இடத்தில் 'சம்மர் ஃபெஸ்டிவல்' என்கிற கோடை இசை முகாம். பிப்ரவரி பிறந்தாலே விடுதியில் "சம்மருக்கு எங்க போற?" என்பதுதான் பேச்சு. எங்கேயும் இல்லை என்று சொல்ல வாய் வராது.

நல்ல இடங்கள் இல்லாமல் இல்லை. மாசச்சூசெட்ஸில் டாங்கிள்வுட், பாஸ்டன் சிம்பொனி இசைக்குழு 1940இல் தொடங்கிய பயிற்சிக்கூடம். அங்கே ஃபெல்லோவாக, அதாவது தேர்ந்தெடுத்த மாணவராக, எடுத்துக்கொண்டால் ஃபீஸ் கிடையாது, தங்க இடமும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு. கலிஃபோர்னியா சாண்டா பார்பராவில் இருக்கும் மியூசிக் அகாடமி ஆஃப் தி வெஸ்டிலும் முழு ஸ்காலர்ஷிப். கொலராடோ மலைமேல் ஆஸ்பென், வட கரோலினாவில் பிரெவார்ட் எல்லாம் ஃபீஸ் வாங்குகிறவை, பலருக்கு உதவித்தொகையும் தருகிறவை. ஆகவே பணம் கேட்டாலே பித்தலாட்டம் என்று நான் சொல்ல வரவில்லை. வாங்கிய பணத்துக்கு அங்கே ஆர்கெஸ்ட்ரா இருக்கும், ஆசிரியர் இருப்பார்.

ஆனால் உள்ளே நுழைவது லேசில்லை. குளிர்காலத்திலேயே வாசித்துப் பதிவு பண்ணி அனுப்ப வேண்டும். பதில் வர மார்ச் ஆகிவிடும். இவள் நாலு இடத்துக்கு அனுப்பினாள். நாலிலும் "வருந்துகிறோம்". நாலாவது மெயில் வந்தபோது ஸ்பிரிங் பிரேக்குக்கு வீட்டில் இருந்தாள். தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். தட்டில் பாதி தோசை அப்படியே கிடந்தது.

இரண்டு நாள் கழித்து இன்ஸ்டாகிராமில் ஒரு விளம்பரம். இத்தாலியில் மலைமேல் ஒரு பழைய ஊர், ஜூலையில் மூன்று வாரம், முழு ஆர்கெஸ்ட்ரா, வாரம் இரண்டு தனிப்பாடம், நிறைவு நாளில் ஆஸ்திரிய இசையமைப்பாளர் மாலரின் முதல் சிம்பொனி. ஐரோப்பாவின் பெரிய இசைக்குழு ஒன்றில் முதல் வயோலா வாசிப்பவர் படம் முகப்பிலேயே. செவ்வாய்க்கிழமை 95 டாலர் கட்டி விண்ணப்பித்தாள். வெள்ளிக்கிழமையே சேர்த்துக்கொண்டதாகப் பதில்! உங்கள் வாசிப்பு எங்களை உருக்கிவிட்டது, ஃபீஸ் 5,450 டாலர், ஆனால் உங்கள் திறமைக்கு 1,200 டாலர் ஸ்காலர்ஷிப், ஐந்து நாளுக்குள் 750 டாலர் டெபாசிட் கட்டி இடத்தை உறுதி செய்யுங்கள் என்று எழுதியிருந்தார்கள்.

அந்த ஐந்து நாள்தான் வலை என்று இப்போது தெரிகிறது. அவளுடைய காலேஜ் வயோலா ஆசிரியர் பிப்ரவரியிலேயே சொல்லியிருக்கிறார், எங்கே பணம் கட்டுவதானாலும் என்னிடம் ஒரு வார்த்தை கேள் என்று. லீவில் இருக்கும் மனுஷரை எப்படித் தொந்தரவு செய்வது என்று இவள் கேட்கவில்லை. நாங்களும் தூண்டவில்லை. பாதி தோசையை விட்டுப் போன பிள்ளை சிரிக்கிறாளே, அதுவே போதும் என்று இருந்தது. திருச்சியிலிருந்து என் அம்மா மட்டும் போனில் கேட்டாள்: "கச்சேரி பண்ணா சன்மானம் குடுப்பாங்க. இவ காசு குடுத்துட்டு வாசிக்கப் போறாளா?" அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம்.

டெபாசிட்டைக் கிரெடிட் கார்டில் கட்டினோம். மீதி 3,500. அதை பேங்க் மூலம் நேரே அனுப்பினால் 3% தள்ளுபடி என்றார்கள். 105 டாலர் மிச்சம் என்று என் வீட்டுக்காரருக்கு ஒரே சந்தோஷம். 3,395 டாலரை வயர் பண்ணினார். அப்புறம் விமான டிக்கெட் 1,380.

போய்ச் சேர்ந்த மறுநாள் சாயங்காலம் நாலு மணிக்கு எனக்கு போன், அங்கே ராத்திரி பத்து. "அம்மா, இங்க ரெண்டு ஹார்ன்தான் இருக்கு" என்றாள். எனக்குப் புரியவில்லை. ஹார்ன் என்றால் சுருட்டி வளைத்த பித்தளை ஊதுவாத்தியம். இரண்டு இருந்தால் என்ன? "மாலர் ஃபர்ஸ்டுக்கு ஏழு வேணும்மா."

முழு ஆர்கெஸ்ட்ரா என்று போட்டிருந்த இடத்துக்கு வந்தவர்கள் முப்பத்தி நாலு பேர். அதிலும் பியானோவும் பாட்டும் போக மிச்சம் பத்தொன்பது. ஓபோ ஒன்றுகூட இல்லை, ஆனால் ஃப்ளூட் ஆறு. மாலர் போச்சு. தந்தி வாத்தியங்களை மட்டும் வைத்து செரனேட் என்கிற ஒரு சின்ன இசைப்படைப்பை மூன்று வாரமும் அரைத்தார்கள். ஹார்ன் பிள்ளைகள் இரண்டும் என்ன செய்தன என்று கேட்டேன். தினமும் ஐஸ்கிரீம் சாப்பிட்டார்களாம்.

பயிற்சி அறைகள் என்பது லீவு விட்ட ஒரு பள்ளிக்கூடத்தின் நாலு வகுப்பறை. காலை ஏழு மணிக்குக் கதவில் ஒரு தாள் ஒட்டுவார்கள், முந்தி எழுதினவருக்கு ஒரு மணி நேரம். ஏசி கிடையாது. ஜூலை வெயிலில் வயோலா கம்பி நிமிஷத்துக்கு நிமிஷம் சுருதி இறங்கியிருக்கிறது. அறை கிடைக்காத நாளில் இவள் மாடிப்படிக்கு அடியில் நின்று சாதகம் பண்ணியிருக்கிறாள். அந்த வீடியோவை ஆசையாகத்தான் அனுப்பினாள், எனக்குப் பார்க்க முடியவில்லை. சுவரில் தொங்கும் தீயணைப்பு சிலிண்டருக்கும் துடைப்பத்துக்கும் நடுவே நின்று வில்லை முழுசாக இழுக்க இடமில்லாமல் பாதிப் பாதியாக இழுக்கிறாள்.

முகப்புப் படத்து ஆசிரியர்? எட்டாம் நாள் வந்தார், ஒன்பதாம் நாள் சாயங்காலம் ரயிலேறிவிட்டார். இவளுக்குக் கிடைத்தது இருபத்தைந்து நிமிஷம். மற்ற பாடங்களுக்கு அப்போதுதான் மாஸ்டர்ஸ் முடித்திருந்த ஓர் இளம்பெண்ணைப் போட்டிருந்தார்கள். அந்தப் பெண்ணைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. நாலு வருஷமாக இவள் வலது தோளைத் தூக்கிக்கொண்டு வாசிப்பதை முதல் பாடத்திலேயே பிடித்தவள் அவள்தான். அவளுக்கும் சம்பளம் தரவில்லை என்பது பிற்பாடு தெரிந்தது.

ஸ்காலர்ஷிப் கதையும் அங்கேதான் அவிழ்ந்தது. ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் பேச்சு வந்திருக்கிறது. உட்கார்ந்திருந்த ஒன்பது பேருக்கும் அதே 1,200 டாலர், கடிதத்தில் அதே "உருக்கிவிட்டது". விலையை ஏற்றி எழுதிவிட்டு ஆடித் தள்ளுபடி போடுவது நம்ம ஊர் ஜவுளிக்கடைக்கு மட்டும் தெரிந்த வித்தை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நிறைவுக் கச்சேரிக்குக் கேட்க வந்தவர்கள் பதினொரு பேர், அதில் ஒருவர் தேவாலயத்தைப் பூட்டக் காத்திருந்தவர். மேற்படிப்பு ஆடிஷனுக்கு உதவும் என்று சொன்ன 'தரமான ஒளிப்பதிவு' யாரோ போனில் எடுத்தது. சான்றிதழில் என் மகள் பெயரில் ஓர் எழுத்தைக் காணோம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டு மூன்று மெயில் எழுதினேன். மூன்றாவதற்குத்தான் பதில். கலை சார்ந்த காரணங்களால் நிகழ்ச்சியிலும் ஆசிரியர்களிலும் மாற்றம் செய்ய எங்களுக்கு உரிமை உண்டு, விதிமுறைகளின் 11ஆம் பிரிவைப் பார்க்கவும் என்றார்கள். பார்த்தேன். இருக்கிறது. டெபாசிட் கட்டும்போது டிக் அடித்தவள் நான்தான்.

கிரெடிட் கார்டு கம்பெனியில், சொன்ன சேவையைத் தரவில்லை என்று டிஸ்ப்யூட் போட்டோம். முதலில் போட்டிருந்த விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், கையில் கொடுத்த புது அட்டவணை, 11ஆம் பிரிவு மெயில், எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பினோம். இரண்டு மாசத்தில் 750 வந்தது. வயர் பண்ணியதைப் பற்றிக் கேட்டபோது, நீங்களே கையெழுத்துப் போட்டு வெளிநாட்டுக்கு அனுப்பிய பணம், எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்று பேங்கில் கைவிரித்துவிட்டார்கள். 105 டாலர் பேச்சை இப்போது வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

என்னிடம் யோசனை கேட்கிற அம்மாக்களுக்கு நான் முதலில் சொல்வது, அந்த ஹார்ன் கணக்கைக் கேளுங்கள் என்பதுதான். ஏப்ரல் கடைசியில் ஒரு மெயில் போட்டு, எந்தெந்த வாத்தியத்துக்கு எத்தனை பேர் இதுவரை பணம் கட்டியிருக்கிறார்கள் என்று கேட்டால், ஒழுங்கான இடமாக இருந்தால் எண்ணிக்கை சொல்வார்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள். பெரிய ஆசிரியர் எந்தத் தேதி வருகிறார், எந்தத் தேதி போகிறார் என்பதை எழுத்தில் வாங்குங்கள். அவருக்கே ஒரு வரி எழுதிக் கேட்டாலும் தப்பில்லை. நாங்கள் கடைசியில் எழுதினோம், இரண்டு நாளுக்குத்தான் ஒப்புக்கொண்டேன் என்று அன்றைக்கே பதில் போட்டார். முந்தின வருஷம் போன பிள்ளைகளில் இரண்டு பேரையாவது நீங்களாகத் தேடிப் பிடித்துப் பேசுங்கள், முகாம்காரர்கள் கொடுக்கும் நம்பரை நம்ப வேண்டாம். ஃபீஸ் முழுசும் கார்டில். தள்ளுபடி கொடுத்து வயர் கேட்டால் அங்கேயே நின்றுவிடுங்கள்.

இந்தக் கோடையில் மகள் எங்கேயும் போகவில்லை. சனிக்கிழமைகளில் மூன்று சிநேகிதர்களோடு கல்யாணங்களுக்கு நால்வர் குழுவாகக் குவார்டெட் வாசிக்கிறாள், ஆளுக்கு 200 டாலர். பக்கத்துத் தெருவில் இரண்டு வாண்டுகளுக்கு வயலின் சொல்லித் தருகிறாள். மாஸ்டர்ஸ் ஆடிஷனுக்கான பகுதிகளைக் காலையிலிருந்து மாடியில் ஓட்டுகிறாள், கீழே குக்கர் விசில்கூடக் காதில் விழுவதில்லை. வியாழக்கிழமைகளில் ஜூமில் பாடம், இத்தாலியில் தோளைத் திருத்திய அதே பெண்ணிடம். மணிக்கு 60 டாலர், நேரே அவள் கணக்குக்கே போகிறது. போன வருஷச் சம்பளம் அவளுக்கு இன்னும் வரவில்லையாம்.