எம்சிடி ஆயில் 500 மில்லி: 4 ஸ்டார், மூடிக்கு ஒன்னு கட்

இந்த எம்சிடி (நடுத்தர சங்கிலி கொழுப்பு) எண்ணெய்க்கு இங்க இருக்கற ரிவ்யூ எல்லாம் படிச்சேன், கீட்டோ பண்றவங்க, ஜிம் போறவங்க, காலைல காபில ஊத்திக் குடிக்கறவங்கதான் எழுதியிருக்காங்க, எங்க வீட்டு கதை வேற. என் பொண்ணுக்கு ஆறு வயசு, வி.எல்.சி.ஏ.டி குறைபாடு, பொறவியிலயே வர்ற என்சைம் பிரச்சனை. எனக்கும் அவ அப்பாவுக்கும் அதே ஜீனோட ரெண்டு காப்பில ஆளுக்கு ஒன்னுல தப்பு இருந்திருக்கு, எங்களுக்கு ஒன்னும் பண்ணல, ரெண்டும் சேர்ந்து அவகிட்ட போயிடுச்சு (ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலுல ஒரு சான்ஸ்).

நல்லெண்ணெய், கடலை எண்ணெய், நெய்னு நாம ஊத்தறதுல பெரும்பாலும் நீள சங்கிலி கொழுப்புதான். அது மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ள (செல்லுக்குள்ள எனர்ஜி தயாரிக்கற இடம்) போக கார்னிடைன்னு ஒரு வண்டி புடிக்கணும், உள்ள போனதும் ரெண்டு ரெண்டு கார்பனா நறுக்கித்தான் எனர்ஜி எடுக்கணும், அதுல முதல் வெட்டு வெட்டற கத்திதான் வி.எல்.சி.ஏ.டி. அவளுக்கு அது மொன்னை. அதனால ராத்திரி சாப்பிடாம தூங்கிட்டாலோ ஜுரம் வாந்தி வந்தாலோ சுகர் இறங்கிடும், அப்போ கை குடுக்க வேண்டிய கீட்டோனும் (கொழுப்புலருந்து உடம்பு செய்யற மாற்று எரிபொருள்) போதுமான அளவு வராது. போன வருஷம் ஒருநாள் ஸ்கூல் ஸ்போர்ட்ஸ்ல ஓடிட்டு வந்தா, சாயங்காலம் யூரின் கோலா கலர்ல போச்சு, தசை உடைஞ்சிருக்கு, மூணு நாள் ட்ரிப்ஸ். எம்சிடில இருக்கற சி8, சி10 (எட்டு, பத்து கார்பன் நீளம்) கொழுப்பு அந்த வண்டியும் வேணாம் அந்த கத்தியும் வேணாம்னு நேரா உள்ள போயிடும், அதான் இந்த பாட்டில்.

முன்னாடி வேற கம்பெனி பாட்டில் வாங்கினேன், முன்பக்கம் தேங்காய் படம் பெருசா, பின்னாடி சி8 எவ்ளோ சி10 எவ்ளோன்னு ஒரு வரி கிடையாது. கஸ்டமர் கேர்ல கேட்டா "மேடம் நல்லா வெயிட் குறையும்"ங்கறார், என் பிள்ளைக்கு இருக்கறதே 17 கிலோ! லாரிக் அமிலம், அதாவது சி12, கலந்திருந்தா எங்களுக்கு பிரயோஜனம் கம்மி, உடம்பு அத நீள கொழுப்பு மாதிரிதான் பெரும்பாலும் நடத்தும். தேங்காய் எண்ணெய்ல பாதிக்கு கிட்ட அதுதான். இத என் மாமியாருக்கு புரிய வைக்கறதுக்குள்ள, "தேங்காயிலருந்துதானேம்மா எடுக்கறான், நம்ம செக்கு எண்ணெயே ஊத்தேன்"னு ஒரு மாசம் ஓடுச்சு. இந்த பாட்டில்ல சி8 60 சதவீதம், சி10 40 சதவீதம்னு தெளிவா போட்டிருக்கான், லேபிளை போட்டோ எடுத்து டயட்டீஷியன் மேடத்துக்கு அனுப்பி ஓகே வாங்கின பிறகுதான் ஆர்டர் போட்டேன்.

டேஸ்ட்னு ஒன்னும் இல்ல, வாசனையும் இல்ல, அது நல்லதுதான். இட்லி பொடிக்கு இதத்தான் குழைக்கறேன், பொடில எள்ளு போடாம உளுந்து, கடலைப்பருப்பு, மிளகாய் மட்டும் எண்ணெயில்லாம வறுத்து அரைச்சது, அவ விரலால வழிச்சு சாப்பிடறா. மோர்ல கலந்தா மேல மிதக்கும், ஒரு அடி அடிச்சு குடுக்கணும். விளையாடப் போறதுக்கு 20 நிமிஷம் முன்னாடி டாக்டர் சொன்ன அளவு குடுக்கறேன். தாளிக்க ஆகாது, சட்டுனு புகையும். ஆரம்பத்துல ஆர்வக்கோளாறுல ஒரே வேளைல நிறைய ஊத்திட்டேன், வயித்து வலி, லூஸ் மோஷன், அவ என்ன பார்த்த பார்வை இருக்கே... கொஞ்சம் கொஞ்சமா பிரிச்சு குடுங்க.

இன்னொன்னு, ட்ரெயின்ல தெர்மாகோல் கப்புல பால்ல கலந்து வச்சேன், கொஞ்ச நேரத்துல கப்பு பிசுபிசுன்னு இளகி மடியில ஒழுகுது. எண்ணெய் கெட்டுப்போச்சோன்னு பயந்துட்டேன், அப்புறம்தான் தெரிஞ்சுது எம்சிடிக்கு அந்த மாதிரி பிளாஸ்டிக் ஆகாதுன்னு. இப்ப எங்க போனாலும் எவர்சில்வர் டம்ளர்.

மூடி மட்டும் மகா மட்டம். ஊத்தின பிறகு பாட்டில் பக்கமா வழியுது, அளவு பார்த்து மில்லி கணக்குல குடுக்கற எங்களுக்கு அது கடுப்பு. இப்ப மருந்து சிரிஞ்சால உறிஞ்சி எடுக்கறேன்.

இதே மாதிரி பேர்ல எம்.சி.ஏ.டி குறைபாடுன்னு ஒன்னு இருக்கு, அந்த பிள்ளைங்களுக்கு இந்த எண்ணெய் குடுக்கவே கூடாது, அவங்களுக்கு மொன்னையா இருக்கறதே இந்த நடுத்தர கொழுப்ப வெட்டற கத்திதான். பேர் கிட்டத்தட்ட ஒன்னுன்னு என் ரிவ்யூவ பார்த்து யாரும் வாங்கிடாதீங்க, ரிப்போர்ட்ல என்ன எழுத்து போட்டிருக்குன்னு டாக்டர்கிட்ட காட்டி கேட்டுட்டு வாங்குங்க.