மான் வேட்டைக்கு எத்தனை கிரெய்ன் குண்டு? .308 வின்செஸ்டருடன் பல பருவ அனுபவம்

மான் வேட்டைக்குச் சட்டம் இடம் தரும் நாடுகளில் பரவலாகப் பயன்படும் .308 வின்செஸ்டர் என்ற தோட்டாவைச் சுடும் ரைபிளில் 150, 165, 180 கிரெய்ன் எடையுள்ள குண்டுகளைப் பல பருவங்களாக மாறி மாறிப் பயன்படுத்தி வந்திருக்கிறேன். ஒரு கிரெய்ன் என்பது 0.0648 கிராம்; ஆகவே 150 கிரெய்ன் குண்டு ஏறத்தாழ 9.7 கிராமும், 180 கிரெய்ன் குண்டு 11.7 கிராமும் இருக்கும். இடையிலுள்ள இந்த இரண்டு கிராமுக்காகத்தான் வேட்டைக்காரர்கள் ஓயாமல் வாதாடுகிறார்கள்.

தோட்டாப் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் ஆற்றல் அளவு இந்த வாதத்தைத் தீர்த்துவைப்பதில்லை. 150 கிரெய்ன் குண்டு குழல்முனையில் நொடிக்கு ஏறத்தாழ 860 மீட்டரும், 180 கிரெய்ன் குண்டு ஏறத்தாழ 800 மீட்டரும் செல்கின்றன; இரண்டின் ஆற்றலும் முறையே 3,600, 3,700 ஜூல் அளவில் அருகருகே நிற்கின்றன. பெரும்பாலான மான்கள் சுடப்படும் தூரமான 200 மீட்டருக்குள் குண்டு தாழ்ந்து விழும் அளவிலும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. கனமான குண்டு 'வளைந்து போகும்' என்ற அச்சத்தை நான் எப்போதோ விட்டுவிட்டேன்.

வேறுபாடு தெரிவது குண்டு உடலுக்குள் நுழைந்த பிறகுதான். ஈய உட்கருவும் மென்முனையும் கொண்ட வழக்கமான 150 கிரெய்ன் குண்டு, அடர்ந்த காட்டில் மிக அருகிலிருந்து தோள் எலும்பைத் தாக்கும்போது, வேகம் இன்னும் குறையாத நிலையில் விரைந்து விரிந்து சிதறிவிடுகிறது. தோள் இறைச்சியில் பெரும்பகுதி இரத்தம் கட்டி வீணாவதோடு, குண்டு மறுபக்கம் வெளிவராமலும் போகலாம். வெளியேறும் துளை இல்லையென்றால் தரையில் இரத்தத் தடம் குறைந்துவிடும்; புதருக்குள் ஓடிய மானைத் தேடுவது கடினமாகும். அதே இடத்தில் 180 கிரெய்ன் குண்டு நம்பிக்கையாக ஊடுருவி வெளியேறும். ஆனால் 25 கிலோ அளவேயுள்ள ரோ மானின் விலா எலும்புகளுக்கு நடுவே அது செல்லும்போது, விரிவதற்கு வேண்டிய தடை கிடைக்காமல் குறுகிய துளையோடு கடந்துவிடுவதும் உண்டு; அத்தகைய மான் விழுவதற்கு முன் சற்றுக் கூடுதல் தூரம் ஓடுகிறது. 165 கிரெய்ன் இவ்விரு குறைகளையும் பெருமளவு தவிர்க்கிறது. எடைக்கும் குறுக்குப் பரப்புக்கும் உள்ள விகிதத்தைக் காட்டும் குறுக்கடர்த்தி எண், இம்மூன்றுக்கும் முறையே 0.226, 0.248, 0.271 ஆகும். சிறியதும் நடுத்தரமுமான மான்கள் கலந்து வரும் காட்டுக்கு இடையிலுள்ள எண்ணே பொருந்துகிறது என்பது என் முடிவு. 150 கிலோவைத் தாண்டும் செம்மான் கிடாய்க்கு மட்டும் 180 கிரெய்னை எடுப்பேன்.

இதுவரை சொன்னதெல்லாம் ஈயக் குண்டுக்கே பொருந்தும். முழுச் செப்புக் குண்டு தன் எடையை ஏறக்குறைய முழுமையாகத் தக்கவைத்துக்கொள்வதால், 150 கிரெய்ன் செப்பே 165 அல்லது 180 கிரெய்ன் ஈயத்தின் ஊடுருவலைத் தருகிறது. செப்பின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 8.96 கிராம், ஈயத்தினுடையது 11.34 கிராம். எனவே ஒரே எடையில் செப்புக் குண்டு நீளமாகிறது; குண்டைச் சுழலச் செய்து நிலைப்படுத்தும் குழலின் சுருள் பள்ளங்கள் கணக்கில் கொள்வது எடையை அல்ல, நீளத்தையே. 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று தரும் பழைய .308 குழல்களில் 180 கிரெய்ன் செப்பு சரியாக நிலைப்படாமல் போகலாம்; 10 அங்குலச் சுற்றுக் குழலில் அந்தக் கவலை குறைவு. செப்பு நன்கு விரிய வேகமும் வேண்டும் என்பது, இலேசான எடையைத் தேர்ந்தெடுக்க இன்னொரு காரணம். கலிபோர்னியாவில் 2019 ஜூலை முதல் எல்லா வகை வேட்டைக்கும் ஈயமற்ற குண்டு கட்டாயம். ஸ்காட்லாந்து பெரிய மான்களுக்கு 1985 முதல் விதித்திருந்த 100 கிரெய்ன் குறைந்தபட்ச எடையை, ஈயமற்ற குண்டுகளுக்கு வழிவிடும் வகையில் 2023இல் 80 கிரெய்னாகக் குறைத்தது. எடை என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு எழுதப்பட்ட விதிகள் இப்படித் தளர்வது நியாயமே.

பின்னுதைப்பைப் பலர் பேசத் தயங்குகிறார்கள். உதைக்கு அஞ்சுவதாகச் சொல்லிக்கொள்ள யாருக்குத்தான் பிடிக்கும்? 150 கிரெய்னிலிருந்து 180க்கு மாறினால் குண்டின் உந்தம் 11 சதவீதத்துக்கு மேல் கூடுகிறது. மூன்று கிலோவுக்குக் குறைவான ரைபிளில் இதைத் தோள் உடனே உணர்கிறது. விசையை இழுக்கும் நொடியில் கண்ணை மூடும் பழக்கம் வந்துவிட்டால், குறுக்கடர்த்தியால் எந்தப் பயனும் இல்லை. பயிற்சிக்கும் வேட்டைக்கும் நான் 165 கிரெய்னையே வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

.243 வின்செஸ்டர் வைத்திருப்பவர்களுக்கு 95 முதல் 100 கிரெய்ன் வரையிலும், .270 வைத்திருப்பவர்களுக்கு 130 முதல் 150 கிரெய்ன் வரையிலும் ஈயக் குண்டுகள் வழக்கமான தேர்வுகள். அவற்றிலும் இதே கணக்குதான். ஒரே எடையிலேயே இருவேறு நிறுவனங்களின் தோட்டாக்கள் ஒரே குழலிலிருந்து சுட்டாலும் இலக்கில் வெவ்வேறு நெருக்கத்தில் படுவதால், எடையை முடிவு செய்த பின் இரண்டு மூன்று வகைகளை இலக்கு அட்டையில் சுட்டுப் பார்ப்பது அவசியம். எடையை மாற்றும்போது குண்டு படும் இடம் மேலும் கீழும் மட்டுமல்லாமல் பக்கவாட்டிலும் நகரக்கூடும் என்பதால், காட்டுக்குள் செல்லுமுன் 100 மீட்டரில் ஸ்கோப்பை மீண்டும் சரிசெய்துகொள்ள வேண்டும்.