ஒற்றை ஆள் மோட்டார் கிளைடர்: எஞ்சினை எங்கே வைப்பது?

ஆடி மாதம் கயத்தாறு பக்கம் போனால், காற்றாலைகளுக்கு மேலே பருந்து இறக்கை அசைக்காமல் நிற்பதைப் பார்க்கலாம். அந்த வானத்தில் பறக்க, எஞ்சினை நிறுத்திவிட்டும் காற்றில் சறுக்கி மிதக்கும் விமானமான மோட்டார் கிளைடர் ஒன்றை எடை குறைவாக வரைவதென்றால், எஞ்சினை எங்கே வைப்பது என்பதுதான் முதல் கேள்வி.

மூக்கிலேயே பெட்ரோல் எஞ்சினைப் பொருத்திவிடலாம். பிரான்சின் ஃபூர்னியே ஆர்எஃப்-4 அப்படித்தான்: மர உடல், 11 மீட்டர் சொச்சம் இறக்கை, ஃபோக்ஸ்வேகன் காரிலிருந்து பிறந்த எஞ்சின். கட்டவும் பழுது பார்க்கவும் எளிது. ஆனால் ஒரு மீட்டர் இறங்கினால் சுமார் 20 மீட்டர்தான் முன்னேறும். மிதக்க ஆசைப்படுகிறவருக்கு அது போதாது.

முதுகுக்குப் பின்னால் கம்பத்தில் எழுந்து மடங்கும் எஞ்சின் அடுத்த வழி. மடங்கியிருக்கும்போது சுத்தமான கிளைடர். ஒரு மீட்டர் இறக்கத்துக்கு 30 மீட்டர்கூடக் கிடைக்கும். எனக்குப் பயமெல்லாம் அது எழும் நேரத்தில்தான். கம்பம் வெளியே வந்து எஞ்சின் பற்றாவிட்டால் சறுக்கும் தூரம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். 300 மீட்டர் உயரத்தில் கையில் இருந்த 9 கிலோமீட்டர் நாலரையாகும். 80 கி.மீ. வேகத்தில் போகையில் எதிரே 40 கி.மீ. ஆடிக்காற்று அடித்தால் அதிலும் பாதி. கீழே பனை, காற்றாலை, மின்கம்பி. தாமிரபரணிக் கரைக்கு வந்தால் வாழை. வெறுங்கரிசல் கிடைத்தால் பாக்கியம்.

அதனால் என் மனசு மூன்றாவதில்தான் நிற்கிறது: மூக்கில் மின்மோட்டார், ஓடாதபோது உடலோடு ஒட்டி மடங்கும் விசிறி. இத்தாலியின் சைலன்ட் 2 எலக்ட்ரோ இந்த வகை. சில நொடியில் சுழலும். சுழலாவிட்டாலும் சறுக்கம் பெரிதாகக் கெடாது.

தெம்பு போதுமா? ஆளோடு 300 கிலோ, நொடிக்கு 2 மீட்டர் ஏற்றம் என்றால் சுமார் 12 கிலோவாட் வேண்டும். 4 யூனிட் பேட்டரி 20 நிமிடம் தாங்கும். 600 மீட்டர் ஏற ஐந்தே நிமிடம். அப்புறம் ஏறுகாற்று பார்த்துக்கொள்ளும். சரி, அதே வேலைக்கு ஏறத்தாழ இரண்டு லிட்டர் பெட்ரோல் போதும், பேட்டரியோ 30 கிலோ வரும். நெடுந்தூரம் எஞ்சினிலேயே போக நினைப்பவர் பெட்ரோலுக்கே போகட்டும்.

மின்மோட்டாருக்கு இங்கே உண்மையான எதிரி அக்னி நட்சத்திர வெயில். முழு விசையில் ஏறும்போது பேட்டரி தானாகவே சூடேறும். அதற்கான காற்றுவழியை முதலில் வரைவேன், இறக்கையை அப்புறம்.