பாட் ஆட்ஸ்: சதவீதமா, விகிதமா?

பாட் என்பது மேசையில் சேர்ந்த பந்தயப் பணம்; அதையும் நாம் போட வேண்டியதையும் ஒப்பிடுவதே பாட் ஆட்ஸ். டெக்ஸஸ் ஹோல்டெம் போக்கர் பழகுபவர்களுக்கு முதலில் சொல்லித் தரப்படுவது '4, 2' கணக்கு. ஃபிளாப்பில் (போர்டில், அதாவது எல்லாருக்கும் பொதுவான சீட்டுகளில், முதல் மூன்று விழுந்தபின்) அவுட்ஸை (நம் கையை நிறைவாக்கும் சீட்டுகளின் எண்ணிக்கையை) 4-ஆல் பெருக்கு, டர்னில் (நான்காவது விழுந்தபின்) 2-ஆல் பெருக்கு. வருவது சீட்டு விழும் சதவீதம். இன்னொரு வழி விகிதம்: ஆகாத சீட்டு எத்தனை, ஆகும் சீட்டு எத்தனை. என் ஓட்டு விகிதத்துக்கு.

சதவீத முறை மோசமில்லை. ஃபிளஷ் டிராவுக்கு (ஒரே இனத்தில் ஐந்து சேர இன்னும் ஒன்று வேண்டிய கைக்கு) 9 அவுட்ஸ்; 36% என்று காட்டும், உண்மை 35. அவுட்ஸ் கூடினால்தான் விலகும்: 15-க்கு 60 காட்டும், உண்மை 54.

வம்பு ஒப்பிடும்போது வருகிறது. பாட்டில் 100, எதிராளி 50 வைக்கிறார். புதியவர்கள் 50-ஐ 150-ஆல் வகுத்து 33% தேவை என்பார்கள். நாம் போடும் 50-ம் சேர்ந்தால் பாட் 200, தேவை 25%தான். விகிதத்தில் இந்தச் சறுக்கலுக்கே வழியில்லை. மேசையில் 150, கேட்பது 50, ஆக 3-க்கு 1.

அதைவிடப் பெரிய ஓட்டை அந்த 4. '36% இருக்கே, 25% போதுமே' என்று கால் பண்ணிவிடுவார்கள், அதாவது அந்த 50-ஐப் போட்டுவிடுவார்கள். 36% என்பது டர்ன், ரிவர் (ஐந்தாவது, கடைசிச் சீட்டு) இரண்டையும் பார்த்தால் வரும் கணக்கு. இந்த 50-க்குக் கிடைப்பது டர்ன் சீட்டு மட்டும். அது தப்பினால் பெரும்பாலும் இன்னொரு பெட் வரும். ஆல் இன் ஆகி (இருக்கும் பணம் முழுவதையும் வைத்து), இனி பெட்டே கிடையாது என்றால்தான் 4 முழுசாகச் செல்லும்.

விகிதம் அடுத்த சீட்டோடு நின்றுவிடும். 52-ல் கையில் 2, போர்டில் 3 போக 47. அதில் 9 ஆகும், 38 ஆகாது: ஏறக்குறைய 4.2-க்கு 1. கிடைப்பதோ 3-க்கு 1. நேர்க்கணக்கில் ஃபோல்ட், கையை விட்டுவிட வேண்டியதுதான். எவ்வளவு குறைகிறது என்பதும் உடனே தெரியும்: 50×4.2 = 210, இருப்பது 150, குறை 60. ஃபிளஷ் அடித்தபின் அந்த 60-ஐச் சராசரியாகக் கறக்க முடியுமா என்பதுதான் கேள்வி. டாப் பேரை (போர்டின் பெரிய சீட்டோடு சேர்ந்த ஜோடியை) விடவே விடாத ஆளிடம் கறக்கலாம். போர்டில் அதே இனத்தில் மூன்றாவது சீட்டு விழுந்ததும் ஒதுங்குபவரிடம் கறக்க முடியாது. இது ஆளைப் பார்த்துச் செய்யும் கணிப்பு, எந்த முறையும் இதற்கு விடை தராது.

ஃபிளாப்புக்கு மனப்பாடம் செய்ய வேண்டியது கொஞ்சம்தான்: கட்ஷாட் (வரிசையின் நடுவில் ஒன்று குறையும் கை, 4 அவுட்ஸ்) 11-க்கு 1, ஓப்பன் எண்டட் (வரிசையின் இரு முனையிலும் நிறையக்கூடிய கை, 8) 5-க்கு 1, ஃபிளஷ் 4-க்குச் சற்று மேல்.

அவுட்ஸையே தப்பாக எண்ணினால் இரண்டும் வீண். கையில் ஹார்ட் ஜாக், 10. போர்டில் ஸ்பேட் குயீன், ஸ்பேட் 9, டைமண்ட் 3. கிங், 8 என எட்டு அவுட்ஸ். எதிராளி ஸ்பேட் ஃபிளஷுக்குக் காத்திருந்தால் ஸ்பேட் கிங்கும் ஸ்பேட் 8-ம் அவருக்கே உதவும். மிச்சம் 6, 5-க்கு 1 என்பது 7-க்கு 1 பக்கம் போய்விடும்.

ஒமாஹாவில் (கையில் நான்கு சீட்டு வரும் இன்னொரு போக்கர் வகை) 20 அவுட்ஸ் வரைகூட வரும். அங்கே விகிதத்தின் சௌகரியம் குறைகிறது, சதவீதமே மேல் என்று தோன்றுகிறது; அடித்துச் சொல்ல மாட்டேன்.