டிஸ்ப்ளேயில் 400, மோட்டாரில் முனகல்: 2.2 கிலோவாட் ஸ்பிண்டில் டிரைவ் அனுபவம்

ரிப்பேர் முடிந்து டிரைவ் மறுபடி பேனலில் ஏறிவிட்டது. டிரைவ் என்றால், மரத்தைக் குடையும் டூலைச் சுற்றுகிற ஸ்பிண்டில் மோட்டாருக்கு மூன்று ஃபேஸ் கரண்ட் கொடுத்து, அதன் ஃப்ரீக்வென்சியை மாற்றி வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி. இதே மாடலை எடுக்கலாமா என்று கேட்ட நண்பருக்கான பதில் இது. சிங்கிள் ஃபேஸ் இன்புட், 400 ஹெர்ட்ஸ், 24,000 ஆர்.பி.எம். எல்லாம் அவருக்கே தெரியும் என்பதால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நல்லதை மறைக்கக் கூடாது. கேரியரை (உள்ளே இருக்கும் ஸ்விட்சுகள் வெட்டி விடும் வேகம்; கூட்டினால் மோட்டார் சத்தம் குறையும், டிரைவ் சூடாகும்) 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வைத்தும் ஹீட்ஸிங்க் கை வைக்கிற சூட்டைத் தாண்டியதில்லை. ஃபேனைக் கழற்ற ஸ்க்ரூடிரைவரே வேண்டாம், கிளிப்பை அழுத்தினால் வந்துவிடுகிறது. டெர்மினல் திருகுகள் எத்தனை முறை கழற்றி மாட்டினாலும் மரை போகவில்லை. டூல் ஆழமாக இறங்கினாலும் வேகம் தொய்வதில்லை.

எரிச்சல் ஒன்றே ஒன்று. அவுட்புட்டில் ஒரு ஃபேஸ் செத்துக் கிடந்தாலும் டிஸ்ப்ளே 400.0 என்றே காட்டும். அது நாம் கேட்ட ஃப்ரீக்வென்சியே தவிர, மோட்டாருக்குப் போய்ச் சேர்ந்தது அல்ல. ஆம்பியர் எண்ணையும் நம்ப முடியாது: டிசி பஸ்ஸில் (வந்த ஏசி, டிசியாக மாறி நிற்கும் இடம்) இருக்கும் ஒரே ஷன்ட்டை (கரண்டை அளக்கும் ரெசிஸ்டர்) வைத்துக் கணக்குப் போட்டு மூன்று ஃபேஸுக்கும் சேர்த்து ஓர் எண்ணைத் தருகிறார்கள். ஃபேஸ் லாஸ் ட்ரிப், அதாவது ஒரு ஃபேஸ் போனால் டிரைவ் தானே நின்றுவிடும் பாதுகாப்பு, கிடையாது. நின்ற நிலையில் ஸ்டார்ட் கொடுத்தால் ஸ்பிண்டில் முனகும், அதிரும், சுற்றாது. ஓடும்போது ஃபேஸ் போனால் இன்னும் மோசம். மிச்சமிருக்கும் இரண்டு ஃபேஸில் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். டூல் மரத்தைத் தொட்டதும் படுத்துவிடும். அதற்குள் வைண்டிங் சூடேறியிருக்கும்.

இந்த நிலையில் பலரும் முதலில் பேரிங்கைத்தான் சந்தேகப்படுகிறார்கள். அதற்கு முன் மூன்று அவுட்புட் வயரிலும் கிளாம்ப் மீட்டர் போட்டு, ஒரே வேகத்தில் ஆம்பியரை ஒப்பிடுங்கள். 400 ஹெர்ட்ஸில் மீட்டர் காட்டும் எண் துல்லியமாக இல்லாமல் போகலாம், பரவாயில்லை. மூன்றும் ஒன்றுபோல் இருக்கிறதா என்பதே கேள்வி. ஒன்று 10 சதவீதத்துக்கு மேல் விலகினால் பவரை நிறுத்துங்கள். நிறுத்திய பிறகும் பஸ்ஸில் ஏறத்தாழ 325 வோல்ட் கொஞ்ச நேரம் நிற்கும். சார்ஜ் விளக்கு அணைந்ததை மட்டும் நம்பாமல், பஸ்ஸின் இரு முனைகளான பி-பிளஸுக்கும் என்-மைனஸுக்கும் நடுவே அளந்து வோல்டேஜ் இறங்கிவிட்டதைப் பார்த்த பிறகே கை வையுங்கள். பிறகு யு, வி, டபிள்யூ என்ற அவுட்புட் டெர்மினல்களில் மூன்று வயரையும் வட்டமாக ஒரு இடம் தள்ளுங்கள்: யு-வில் இருந்தது வி-க்கு, வி-யில் இருந்தது டபிள்யூவுக்கு, டபிள்யூவில் இருந்தது யு-வுக்கு. மூன்றையும் நகர்த்துவதால் சுழலும் திசை மாறாது. குறைந்த ஆம்பியர் வயரோடு நகர்ந்தால் கோளாறு கேபிளிலோ மோட்டாரிலோ. அதே டெர்மினலில் நின்றால் டிரைவில்.

கேபிள் பக்கம் என்றால் முதல் சந்தேகம் ஸ்பிண்டில் தலையில் இருக்கும் நாலு பின் கனெக்டரின் சால்டர். அடுத்தது டிராக் செயினில் (நகரும் கேபிளைத் தாங்கும் சங்கிலி) மடிந்து மடிந்து உள்ளுக்குள் அறுந்த கோர். கன்டின்யூட்டி போட்டுக்கொண்டே கேபிளை ஆட்டிப் பாருங்கள். வைண்டிங்கில் மூன்று ஜோடி ஓமும் ஒன்றுபோல் வர வேண்டும். மெக்கர் (இன்சுலேஷனை அதிக வோல்ட்டில் சோதிக்கும் மீட்டர்) போடுவதானால் டிரைவிலிருந்து வயரைக் கழற்றிவிட்டே போட வேண்டும். இல்லாவிட்டால் ஐஜிபிடி, அதாவது டிரைவுக்குள் இருக்கும் பவர் ஸ்விட்ச், காலி. 500 வோல்ட்டில் பாடிக்கு 1 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் ஓட்டாதீர்கள். வாட்டர் கூல்டு ஸ்பிண்டிலில் பெரும்பாலும் ஈரம்தான் காரணம்.

இந்த டிரைவில் கோளாறு டெர்மினலிலேயே நின்றது. டயோடு டெஸ்ட்டில் பிடிபடவில்லை. கறுப்பு ப்ரோப் பி-பிளஸில், சிவப்பு யு, வி, டபிள்யூவில். அடுத்து சிவப்பு என்-மைனஸில், கறுப்பு அந்த மூன்றிலும். ஆறு அளவுமே 0.4 வோல்ட்டை ஒட்டி வந்தன, திருப்பிப் போட்டால் ஓப்பன். ஐஜிபிடி மாட்யூல் ஷார்ட் ஆகவில்லை என்பதைத்தான் இது சொல்லும். அந்த ஸ்விட்சுகளை ஆன் செய்யும் கேட் சிக்னல் வருகிறதா என்று சொல்லாது. அதைக் காட்டிக்கொடுத்தது மீட்டரின் டிசி ரேஞ்ச். மோட்டாரைக் கழற்றி, 60 வாட் இழை பல்பு மூன்றை ஸ்டாரில் (ஒரு முனை மூன்றுக்கும் பொதுவாக) போட்டு ஓட்டி, ஃபேஸுக்கு ஃபேஸ் டிசி வோல்ட் அளந்தால் பூஜ்யத்தை ஒட்டி வர வேண்டும். பல வோல்ட் நின்றால், எந்த இரண்டு அளவுகளில் நிற்கிறதோ அவற்றுக்குப் பொதுவான ஃபேஸில் மேல் ஸ்விட்சோ (பி-பிளஸ் பக்கம்) கீழ் ஸ்விட்சோ (என்-மைனஸ் பக்கம்) வேலை செய்யவில்லை. ஏசி ரேஞ்சை இந்த இடத்தில் நம்பாதீர்கள், சாதா மீட்டர் பிடபிள்யூஎம்மை (டிரைவ் துண்டு துண்டாக வெட்டித் தரும் வோல்டேஜ்) பார்த்தால் எதையாவது உளறும்.

குற்றவாளி, மேல் ஸ்விட்சின் கேட் சப்ளைக்கு இருக்கும் விரல்நுனி அளவு எலெக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர். ஹீட்ஸிங்க்கை ஒட்டிக் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள், கை பொறுக்கும் சூடே ஆனாலும் நாளடைவில் காயாமல் என்ன செய்யும்? காய்ந்த கெப்பாசிட்டர் குளிரில் படுத்து, சூடேறினால் ஓரளவு பிழைக்கும். அதனால் காலையில் முதல் ஸ்டார்ட் மட்டும் முனகும், அப்புறம் நாள் முழுக்க ஒழுங்காக ஓடும். பேரிங் கிரீஸ் இறுகிவிட்டது என்று ஏமாறுவது இதனால்தான். மாற்றும்போது மூன்று ஃபேஸுக்கும் சேர்த்து மாற்றுங்கள்: அதே மைக்ரோஃபாரட், அதே வோல்டேஜ் அல்லது மேலே, 105 டிகிரி, லோ இஎஸ்ஆர் (உள் ரெசிஸ்டன்ஸ் குறைந்த) வகை. போலாரிட்டியை இரண்டு தடவை பாருங்கள்.

ரிப்பேரிலிருந்து திரும்பும் டிரைவைச் செட்டிங் பார்க்காமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள். ரீசெட் ஆகியிருந்தால் பேஸ் ஃப்ரீக்வென்சி (முழு வோல்டேஜ் எந்த ஃப்ரீக்வென்சியில் போக வேண்டும் என்ற செட்டிங்) 50-க்குப் போயிருக்கும். 220 வோல்ட், 400 ஹெர்ட்ஸ் மோட்டாருக்கு 50 ஹெர்ட்ஸில் 27.5 வோல்ட்தான் சேர வேண்டும். இந்தச் செட்டிங்கில் முழு 220-ம் போகும். ஓவர் கரண்டில் ட்ரிப் ஆனால் அதிர்ஷ்டம், ஆகாவிட்டால் வைண்டிங் போச்சு. பேஸ், மேக்ஸிமம் இரண்டையும் 400-க்குக் கொண்டுவந்து, ஆக்சிலரேஷனை 10 வினாடிக்குக் குறையாமல் வையுங்கள்.

பட்டியல் போட்டுக் கூட்டினால் 5-க்கு 4 வரும். நான் கொடுப்பது 2. சத்தமில்லாததும் சூடாகாததும் நிஜம், ஆனால் செத்த ஃபேஸை மறைக்கும் டிஸ்ப்ளேயை மன்னிக்க மனசு வரவில்லை. ஃபேஸ் லாஸ் ட்ரிப் உள்ள வேறு டிரைவ் கிடைத்தால், ஃபேன் கொஞ்சம் இரைந்தாலும் அதையே எடுங்கள்.